மீட்டரில் வந்த பதில்

நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப்போவதில்லை. அந்த அறையில் நான் இருந்தேன். என் கண்ணால் பார்த்தேன். என்னோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி என் தங்கை. போன வருஷம் அவள் காலமாகிவிட்டாள். இன்னொருவர், அவள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். கேட்டால் இன்றைக்கும் சொல்வார். ஆனால் சொல்லும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார். தங்கை இருந்தவரை இதை எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போதும் அவள் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். "எழுதுங்க பெரிம்மா. ஆனா ஒண்ணையும் கூட்டாதீங்க, குறைக்காதீங்க," என்றாள். கூட்டவில்லை. குறைக்கவுமில்லை.

தங்கைக்கு ஒரு மகள், ஒரு மகன். மகனை வீட்டில் சின்னவன் என்போம். இது நடந்தபோது சின்னவன் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இருபத்தாறு வயசு. மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சாலைத் திருப்பத்தில் ஒரு லாரி. எதற்காகப் போனான் என்பது யாருக்கும் தெரியவில்லை. "அந்த மழையில அப்படி என்னடா உனக்குத் தலைபோற அவசரம்?" என்று அவன் அப்பா சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். தினமும். அதே கேள்வி.

சின்னவனுக்குப் பகலில் ஆபீஸ். மிச்ச நேரமெல்லாம் வீட்டின் பின்னறையில், தானே வாங்கிப் பொருத்திய ஒரு மிஷினோடு கிடப்பான். பொழுதுபோக்குதான். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் அந்த மிஷின் அதை மரத்தில் செதுக்கும். ஒரு மோட்டார், அதன் நுனியில் பென்சில் கூர் அளவுக்கு ஒரு வெட்டுமுனை. மோட்டார் முனையைச் சுழற்றும், முனை பலகை மேல் அங்குமிங்கும் நகரும், மரத்தூள் பறக்கும்.

அவன் அக்கா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே, "தொட்டில் என் பொறுப்பு. கடைப்பக்கம் யாரும் போகக்கூடாது," என்று சொல்லிவிட்டான். தலைமாட்டுப் பலகையில் ஒரு தாய் வாத்து, பின்னால் வரிசையாக ஐந்து குஞ்சுகள். மூன்று குஞ்சு முடித்திருந்தான். நாலாவதற்குத் தலை மட்டும் இருந்தது. உடம்பு இல்லை.

அந்தப் பலகை மிஷினில் கவ்வியது கவ்வியபடியே கிடந்தது. தங்கை தினமும் அந்த அறையில் போய் உட்கார்ந்துகொள்வாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். அவள் கணவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மத்தியானம் சொல்லிவிட்டார்.

"நாளைக்குக் காலையில காலேஜ்லேருந்து வண்டி வருது. மிஷினை எடுத்துட்டுப் போகட்டும். நாலு பசங்க கத்துக்குவாங்க. குழந்தை வந்து படுக்கப்போற அறை இது."

தங்கை சண்டை போடவில்லை. எனக்கு அதுவே ஆச்சரியம்.

"போகட்டும். அந்த ரெண்டு குஞ்சு முடிஞ்சப்புறம் போகட்டும்."

"அதை யாரு ஓட்டுறது? நீயா?"

"தெரிஞ்சவரைக் கூப்பிடுறேன். அவன் ஆரம்பிச்சதை அரைகுறையா என் பொண்ணு கையில கொடுக்கமாட்டேன். ராத்திரிக்குள்ள முடியலன்னா எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. அப்புறம் வாயே திறக்கமாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். "அண்ணி, நீங்க கூட இருங்க," என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

ஆறு மணிக்கு லிஃப்ட்காரர் வந்தார். ஐம்பது வயசிருக்கும். தோளில் ஒரு கான்வாஸ் பை.

"லிஃப்டுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"ரெண்டும் பங்காளிங்கக்கா. லிஃப்ட் மோட்டாரையும் இந்த மாதிரி ஒரு டிரைவ் பெட்டிதான் ஓட்டுது. என் பொழைப்பே ஆளுங்களை மேல அனுப்புறது…" என்று ஆரம்பித்தவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். முகம் செத்துப்போயிற்று.

தங்கை சிரித்தாள். ஆறு மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"பரவாயில்ல. நீங்களாவது சாதாரணமாப் பேசுங்க. எல்லாரும் என்கிட்ட பாத்துப் பாத்துப் பேசி எனக்கு மூச்சு முட்டுது."

பின்னறைக் கதவைத் திறந்தோம். முதலில் வந்தது வாசனை. புதிதாக அறுத்த மரத்தின் வாசனை… ஜன்னல் வலையில் தூசு கெட்டியாகப் படிந்திருந்தது. கம்ப்யூட்டர் விசைகளின் மேல் விரல் வைத்தால் தடம் விழுந்தது. ஓடி ஆறு மாதமான மிஷின். அறைக்குள்ளே மட்டும் இப்போதுதான் யாரோ மரம் அறுத்த மாதிரி ஒரு பச்சை மணம். மழைக்காற்றுக்கு மரம் மணக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

லிஃப்ட்காரர் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டார். கம்ப்யூட்டர் விழித்தது. பாதியில் நின்ற வாத்துப் படம் திரையில் வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடங்கும்படி ஏற்பாடு செய்தார். மவுஸை எங்கே அழுத்தினால் ஓடும் என்று தங்கைக்கும் காட்டினார். முனையை மரத்தின் மேல் உயரத் தூக்கி வைத்து ஓட்டிப் பார்த்தார். அது இடமும் வலமும் அழகாக நகர்ந்தது. ஆனால் சுழலவில்லை. மோட்டார் அசையவே இல்லை.

"நகருது, சுத்தல. நகர்த்துற ஒயர் வேற, சுத்துற ஒயர் வேற. இப்படியே மரத்துல இறக்கினா முனை ஒடிஞ்சிடும்."

"ஏன் சுத்தல?" என்றாள் தங்கை.

அவர் சுவரோரம் திருகி வைத்திருந்த தீப்பெட்டி அளவு கறுப்பு டப்பாவைக் காட்டினார். அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கம்ப்யூட்டருக்கு ரெண்டு வார்த்தைதான் தெரியும்க்கா. இருக்கு. இல்ல. அவ்வளவுதான். அதையே வேகவேகமா மாத்தி மாத்திச் சொல்லும். இருக்கு, இல்ல, இருக்கு, இல்ல… செகண்டுக்கு ஆயிரம் தடவை. 'இருக்கு'ங்கிறதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னா மோட்டாரை வேகமா ஓட்டுன்னு அர்த்தம். ஆனா மோட்டாரை ஓட்டுற பெட்டிக்கு இந்தப் படபடப்புப் பேச்சு புரியாது. அதுக்கு நிதானமா, ஒரே சீரா வோல்ட்டேஜ் வரணும். பூஜ்யத்துலேருந்து பத்து வரைக்கும். நடுவுல உட்கார்ந்து அந்தப் பேச்சை இந்தப் பேச்சா மாத்துறதுதான் இந்த டப்பா."

"பாதி நேரம் இருக்கு, பாதி நேரம் இல்லன்னு சொன்னா?"

"அஞ்சு வோல்ட்டு. மோட்டார் பாதி வேகத்துல ஓடும்."

தங்கை அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அப்படித்தான் ஓடுது," என்றாள்.

லிஃப்ட்காரர் குனிந்து தன் பையைத் திறந்தார்.

வோல்ட்டேஜ் அளக்கிற மீட்டரை எடுத்தார். கம்ப்யூட்டரிலிருந்து டப்பாவுக்கு வருகிற பக்கம் துடிப்பு சரியாக வந்தது. டப்பாவிலிருந்து வெளியே போகிற பக்கம் மீட்டரின் இரண்டு கவ்விகளையும் மாட்டினார். பூஜ்யம்.

"உள்ளதான் ஏதோ போயிருக்கு. திறந்து பார்த்துடுவோம்."

டப்பாவைச் சுற்றி, மரத்தூள் உள்ளே போகாமல் இருக்க, கண்ணாடி மாதிரி டேப் ஒட்டியிருந்தது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஓரம் பிசகாமல். சின்னவன் எதையும் அப்படித்தான் செய்வான். லிஃப்ட்காரர் நகத்தால் டேப் முனையைத் தேடினார். தங்கை அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"பிரிக்காதீங்க."

"பிரிக்காம எப்படிக்கா பார்க்கிறது?"

"இங்க பாருங்க."

டேப்பின் மடிப்பில், பசைப் பக்கத்தில், மரத்தூளில் பதிந்த ஒரு கட்டைவிரல் ரேகை. கோடு கோடாக, அவ்வளவு தெளிவாக. ஆறு மாதமாக அவள் அந்த அறையில் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அவன் துணியெல்லாம் துவைச்சுட்டாங்க. சீப்பைக்கூடக் கழுவி வெச்சுட்டாங்க. இது ஒண்ணுதான் அப்படியே இருக்கு. மிஷின் போகட்டும். இந்த டப்பா எனக்கு வேணும். பிரிக்காம வேணும்."

லிஃப்ட்காரர் கையை எடுத்துக்கொண்டார்.

"சரி. டப்பாவே வேணாம். என் வீட்டுல ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரியும் திருகுற குமிழும் இருக்கு. பெட்டிக்கு நேரா நானே வோல்ட்டேஜ் கொடுக்கிறேன். ஆனா ஒரே வேகத்துல ஓட்டினா வளைவுல மரம் கருகும். வளைவு வர்றப்ப எல்லாம் கையால குறைக்கணும். நான் மரவேலைக்காரன் இல்லக்கா. எங்க குறைக்கணும்னு எனக்குத் தெரியாது. குஞ்சு கோழியாயிட்டா என்னைத் திட்டக்கூடாது."

"திட்டமாட்டேன்."

"பத்து நிமிஷம். அடுத்த தெருதான். மீட்டர் அப்படியே இருக்கட்டும். அதுல ஏதாவது நம்பர் வந்தா பயப்படாதீங்க. ஒயர் சும்மா தொங்கினா, பக்கத்துல நம்ம கை போனாக்கூடக் காட்டும்."

போகும்முன் டப்பாவுக்கு வருகிற ஒயர்களில் ஏதோ செய்தார். என்ன செய்தார் என்று நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அடுத்த நிமிடமே எழுந்து ஓடியிருப்பேன்.

அவர் இறங்கிப் போகிற லிஃப்ட் சத்தம் கேட்டது. அப்புறம் மழைச் சத்தம் மட்டும்.

தங்கை அவன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் கதவுப் பக்கம் நாற்காலியில். மீட்டர் மேசை மேல். அதன் சின்னத் திரை எனக்கு நேராகத் தெரிந்தது.

பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம்.

அவள் பேச ஆரம்பித்தாள். என்னிடம் இல்லை. அது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. நான் தடுப்பதில்லை.

"அக்காவைக் காலையில சேர்த்தாச்சுடா."

மீட்டரில் எண் நகர்ந்தது. பூஜ்யம் புள்ளி நாலு… மறுபடி பூஜ்யம்.

ஒயர் சும்மா தொங்கினால் வரும் என்று சொன்னாரே… சரி.

"வலி இன்னும் எடுக்கலையாம். மாப்பிள்ளை கூட இருக்காரு."

பூஜ்யம் புள்ளி நாலு. மறுபடி பூஜ்யம்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சின்னவன் உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். அம்மா மூச்சு விடாமல் பேசுவாள். வேலையிலிருந்து தலை நிமிராமல் அவன் 'ம்' என்பான். அவள் நிறுத்துவாள், இவன் 'ம்' என்பான். "வாயில என்ன பூட்டா?" என்று நானே திட்டியிருக்கிறேன்.

"மீட்டர்ல ஏதோ வருதுடி," என்றேன்.

"வரும்னுதானே சொல்லிட்டுப் போனாரு."

"கை போனா வரும்னாரு. உன் கை மடியில இருக்கு."

அவள் மடியிலிருந்த கையைக் குனிந்து பார்த்தாள்.

நான் ஒன்று செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. மீட்டரைப் பார்த்துப் பேசினேன்.

"சின்னவனே… பெரிம்மா பேசுறேன்."

பூஜ்யம்.

"கேக்குதா?"

பூஜ்யம். எனக்கு உயிர் வந்தது. ஒன்றுமில்லை, வெறும் ஒயர்தான்.

தங்கை திரும்பாமலே சொன்னாள்.

"பெரிம்மாவுக்குப் பதில் சொல்லுடா."

ஒன்று புள்ளி ஒன்று.

நின்றது… அப்படியே நின்றது… மெதுவாக இறங்கியது.

எழுந்திருக்க நினைத்தேன். முடியவில்லை.

மணி ஏழு பத்து.

"ராத்திரிக்குள்ள முடியலன்னா நாளைக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்கடா. அந்த ரெண்டு குஞ்சையும் முடிச்சுக் கொடுத்துடு. என்ன?"

ஒன்று.

இரண்டு.

மூன்று…

மோட்டாரிலிருந்து ஒரு முனகல். 'ம்ம்ம்…' பிறகு சீறல். முனை சுழல ஆரம்பித்தது.

தங்கை கைநீட்டி, லிஃப்ட்காரர் காட்டிக்கொடுத்த இடத்தில் மவுஸை அழுத்தினாள். முனை பலகை மேல் இறங்கியது. மரத்தூள் எழும்பியது.

நாலாவது குஞ்சுக்குக் கழுத்து வந்தது.

லிஃப்ட் சத்தம். கதவு. காலடி. லிஃப்ட்காரர் கையில் பேட்டரியோடு வாசலில் வந்து நின்றார்.

"அட! ஓடுதா? எங்கயோ லூஸ் கனெக்ஷன் இருந்திருக்கு. நான் பாட்டுக்கு மழையில நனைஞ்சு…"

பாதியில் நின்றுவிட்டார்.

மேசையையே பார்த்தார்.

"அக்கா… இந்த ஒயரை யாராவது தொட்டீங்களா?"

"யாரும் தொடலை," என்றேன்.

"நான் கழட்டி வெச்சுட்டுத்தானே போனேன்…"

அப்போதுதான் பார்த்தேன். கம்ப்யூட்டரிலிருந்து டப்பாவுக்கு வருகிற இரண்டு ஒயர்களும் மேசை மேல் தனியாகக் கிடந்தன. முனையில் டேப் சுற்றி, மடித்து வைத்தபடி.

டப்பாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மீட்டரைக் குனிந்து பார்த்தார். ஆறு புள்ளி இரண்டு. ஆறு புள்ளி இரண்டு. திடீரென்று இறங்கியது. ஐந்து… நாலு. மோட்டார் சத்தம் தணிந்தது.

அதற்கு அப்புறம்தான் முனை வளைவுக்குள் திரும்பியது.

வளைவு முடிந்தது. மறுபடி ஆறு.

"வளைவு வர்றது அதுக்கு எப்படித் தெரியும்?" அவர் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "கம்ப்யூட்டர் ஒயர் வெளியில கிடக்கு. இதுக்கு யாரு சொல்றா?"

அடுத்த வளைவு. முன்கூட்டியே இறங்கியது.

அதற்கு அடுத்தது. அதே மாதிரி.

அவர் கை மெயின் ஸ்விட்ச் பக்கம் போனது.

"தொடாதீங்க," என்றாள் தங்கை. கத்தவில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பாதீர்கள் என்று சொல்வாளே ஒரு தாய், அந்தக் குரல்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். பேட்டரியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

நாலாவது குஞ்சு முடிந்தது.

ஐந்தாவது குஞ்சு. தலை. அலகு. சின்ன இறக்கை.

மரம் ஓரிடத்திலும் கருகவில்லை.

முடிந்ததும் முனை தானாக மேலே எழும்பி, ஓரமாகப் போய் நின்றது. கம்ப்யூட்டர் திரையில் வேலை முடிந்தது என்று வந்தது.

மோட்டார் நிற்கவில்லை.

காற்றில் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று வோல்ட். அதே சீரான மூன்று.

"முடிஞ்சுதுடா," என்றாள் தங்கை. "நல்லா வந்திருக்கு. நிறுத்திக்கோ."

மூன்று.

"போதும்டா."

மூன்று.

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து டப்பா அருகே போய் நின்றாள். தொடவில்லை. முகத்தை மட்டும் அருகே கொண்டுபோனாள். ஆறு மாதமாக எங்களில் யாரிடமும் கேட்காத கேள்வியை, கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயந்து கேட்காத கேள்வியை, அங்கே கேட்டாள்.

"ரொம்ப வலிச்சுதாடா?"

லிஃப்ட்காரர் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

நான் மீட்டரைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டு புள்ளி ஒன்பது…

இரண்டு…

ஒன்று…

மோட்டாரின் சீறல் முனகலாகி, முனகல் மூச்சாகி…

பூஜ்யம்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. மழைகூட விட்டிருந்தது.

நான் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டேன். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். முந்தைய ஆறு மாதமும் வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. என் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். அழுதபடியே இரண்டு தடவை அவனைக் கூப்பிட்டாள். மீட்டர் அசையவில்லை.

விடியற்காலையில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தங்கை பலகையைத் துடைத்து ஒரு துண்டில் சுற்றி, கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனாள். காலேஜ் வண்டிக்காக நான் வீட்டில் தங்கிவிட்டேன். தங்கை கணவரும் மிஷினை அனுப்பிவைக்கத் திரும்பி வந்தார். நடந்ததை அவரிடம் சொன்னேன். நம்பினாரா, நான் தூக்கம் கெட்டு உளறுகிறேன் என்று நினைத்தாரா, தெரியவில்லை. "சரி அண்ணி," என்று மட்டும் சொன்னார்.

எட்டரை மணிக்கு லிஃப்ட்காரர் வந்தார். பழைய டப்பா தங்கைக்கு வேண்டும் என்பதால், மிஷினில் மாட்ட வேறொரு டப்பா கொண்டுவந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. பழையதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, ராத்திரி பூரா தூக்கமில்ல. உள்ள என்ன இருக்குன்னு பாக்கலன்னா இனிமேலும் வராது. விரல் இருக்கிற பக்கம் தொடமாட்டேன். சத்தியமா."

நான் தலையசைத்தேன். அவர் ரேகை இருந்த மடிப்பை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் பிளேடால் ஒரு கோடு கீறினார். மூடியை லேசாகத் தூக்கினார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

"என்னங்க?"

டப்பாவை என்னிடம் நீட்டினார். உள்ளே சின்னச் சின்னச் சாமான்கள். நடுவில், எட்டுத் துளைகளோடு ஒரு கூடு. காலி.

"இங்க ஒரு சிப்பு இருக்கணும். அதுதான் எல்லாமே. வோல்ட்டேஜைத் தூக்கி வெளிய கொடுக்கிறதே அதுதான். யாரோ கழட்டியிருக்காங்க. கழட்டிட்டு, தூசு போகாம மூடி ஒட்டியிருக்காங்க."

"யாரோ இல்ல. டேப் ஒட்டினது அவன்தான்."

"அப்ப அவன்தான் கழட்டியிருக்கான். இது இல்லாம ஒரு வோல்ட்டுகூட வராதுக்கா. ஒயர் தொங்குனாலும் சரி, இடி விழுந்தாலும் சரி. மோட்டார் ஓடவே முடியாது."

பின்னால் நாற்காலி நகரும் சத்தம். தங்கை கணவர் எழுந்து நின்றிருந்தார்.

"அந்தச் சிப்பு… கறுப்பா இருக்குமா? எட்டுக் காலோட, பூச்சி மாதிரி?"

"ஆமா சார். உங்களுக்கு எப்படி…"

அவர் உள்ளே போனார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பாலிதீன் பையோடு வந்தார். வாய் இறுக்கி முடிச்சுப் போட்ட பை.

"ஆஸ்பத்திரியில கொடுத்தாங்க. அன்னைக்கு அவன் போட்டிருந்த சட்டை. பையில என்னமோ இருந்தது. எனக்கு என்னன்னு தெரியல. அவ பாத்தா தாங்கமாட்டான்னு அப்பவே கட்டி மேல போட்டுட்டேன். அதுக்கப்புறம் நான் திறக்கவே இல்ல."

முடிச்சை அவரால் அவிழ்க்க முடியவில்லை. லிஃப்ட்காரர் பிளேடால் அறுத்தார்.

சட்டைப் பையில் இரண்டு இருந்தன. ஒன்று காகிதத்தில் மடித்தது. பழைய சிப்பு. முதுகில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை, எரிந்துபோனது. இன்னொன்று புதுசு. கடையில் கொடுக்கிற சின்ன பிளாஸ்டிக் உறையில், மேலே பின் அடித்தபடி. பிரிக்கவே இல்லை.

"எரிஞ்சதைக் கழட்டி, மாதிரிக்குக் கையோட எடுத்துட்டுப் போய், புதுசு வாங்கிட்டுத் திரும்பியிருக்கான்," என்றார் லிஃப்ட்காரர்.

தங்கை கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தினமும் அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"தொட்டிலுக்கா…" என்றார். "அந்த மழையில… தொட்டிலுக்கா போனான்?"

அப்புறம் அவரே சொன்னார்.

"அவளுக்குத் தெரிய வேணாம் அண்ணி. பெரியவளுக்கும் வேணாம். அந்தக் குழந்தையை நாளைக்கு எப்படிப் பாப்பாங்க?"

"சொல்லமாட்டேன்," என்றேன். தங்கை கண்ணை மூடுகிறவரை சொல்லவும் இல்லை.

லிஃப்ட்காரர் புதுச் சிப்பை உறையோடு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. என் கையைப் பிடித்து, விரலை விரித்து, அதை வைத்தார்.

அலமாரியின் மேல்தட்டில், முடிச்சுப் போட்ட பைக்குள், ஆறு மாதம் கிடந்தது அது. பின் கூடப் பிரியவில்லை.

சூடாக இருந்தது.

சுடுகிற சூடு இல்லை. யாரோ வெகுநேரம் கைக்குள் பொத்தி வைத்திருந்து, இப்போதுதான் கொடுத்த மாதிரி.